ஈரமான கரைக்காரர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்றில்லை. எட்டு வருடம் என் கடையில் உட்கார்ந்து தைத்தவரின் பெயர் எப்படி மறக்கும்? ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால், அந்த நாட்டை அறிந்த யாராவது அவர் குரோஷியரா சேர்பியரா என்று உடனே பிடித்துவிடக்கூடும். அந்தப் புண்ணிய காரியத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்தவன். இன்னொரு முறை செய்ய மனமில்லை.

கடையில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றோம். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் வழியில், ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையை ஒட்டி என் ட்ரை கிளீனிங் கடை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தையல் மெசின். அதன் பின்னால் அவர். உயரமான மனிதர்; முதுகு மட்டும் மெசினின் அளவுக்கு வளைந்து போயிருந்தது. தானே தைத்த, கையில்லாத கறுப்புக் கோட் ஒன்றை எப்போதும் போட்டிருப்பார். அதில் ஏழு பைகள். எந்தப் பையில் துணியில் கோடு போடும் சோக்கட்டி, எதில் ஊசி, எதில் மதியச் சாப்பாட்டுக்கான பச்சை மிளகாய் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒரு வருத்தம் உண்டு, நோய் என்றே சொல்லலாம். புதிதாக ஒருவரைக் கண்டால் அவர் எந்த ஊர், ஊரில் எவடம், கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, யாருடைய ஆட்கள் என்று அறியாவிட்டால் சோறு செமிக்காது. "தம்பி ஊரிலை எவடம்?" என்று தொடங்கினால் நாலாவது கேள்வியில் அந்த மனிதனின் சாதியும் அவன் அக்காவின் சீதனமும் கைக்கு வந்துவிடும். எனக்கு அந்த வருத்தம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. அடுத்தவர் சங்கதி அறியும் அந்த ஆசையை என் மனைவி ஒரே சொல்லில் விடுப்பு என்பாள்.

ஆகவே முதல் நாளே கேட்டேன். எந்த நாடு?

"முன்பு ஒரு நாடு. இப்போது பல" என்றார். அவர் பேசியது துண்டு துண்டான ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அது தமிழாகத்தான் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"சரி, எந்த ஊர்?"

"ஆற்றங்கரை."

"ஆற்றுக்கு எந்தக் கரை?"

அவர் நூலைப் பல்லால் கடித்து, ஊசிக் கண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஈரமான கரை."

அதோடு அந்த விசாரணை முடிந்தது. என் கெட்டித்தனத்துக்கு விழுந்த முதல் அடி அது.

அவர் யாரையும் எதுவும் கேட்கமாட்டார். மனிதர்களைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் துணியிலேயே இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. ஒரு கால்சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "இவர் கோபக்காரர். பையை இழுத்து இழுத்துக் கிழித்திருக்கிறார்" என்பார். ஒருமுறை பொத்தான் போன சட்டை ஒன்றைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய் எனக்குக் காட்டினார். "பார். இழுபட்டு அறுந்தால் துணியும் சேர்ந்து கிழியும். நாள்பட்டுத் தேய்ந்து அறுந்தால் நூல் நுனி பஞ்சாய்ப் பிரிந்திருக்கும். கத்தரி பட்டால் நுனி நேராக இருக்கும். இதற்குமேல் ஆளிடம் என்ன கேட்பது?"

எனக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. அதன் பிறகு கடைக்கு வரும் உடுப்புகளின் நூல் நுனியை நானும் பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பழக்கத்தால் பின்னர் என்ன வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

இன்னொன்று, அவர் துணியை வெட்டமாட்டார். யாராவது மெலிந்து போய்ச் சட்டையைச் சுருக்கக் கொண்டுவந்தால், மிஞ்சிய துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார். வெட்டி எறிந்தால் தையல் தட்டையாக, அழகாக இருக்குமே என்று நான் சொன்னால் தலையை ஆட்டுவார். எங்கள் பெண்களுக்கு இதனால் அவர்மேல் உயிர். கல்யாணத்துக்குத் தைத்த பிளவுஸைப் பிள்ளை பெற்ற பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"மாஸ்டர், உது இறுக்குது. கொஞ்சம் விட ஏலுமே?"

"ஓம், ஓம்" என்பார், அவர்களிடம் கற்ற தமிழில். "உள்ளுக்கு இருக்கு."

எட்டு வருடத்தில் அவர் பேசிய முழுத் தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான்.

நான் இலேசில் விடுகிற ஆளா? அவருடைய நாட்டவரில் குரோஷியர் கத்தோலிக்கர், நத்தார் டிசம்பர் இருபத்தைந்து. சேர்பியர் ஓர்த்தடொக்ஸ், அவர்களுக்கு ஜனவரி ஏழு. எந்த நாளுக்கு லீவு கேட்கிறார் என்று பார்த்தால் போதும், ஆள் அகப்பட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். ஜனவரி ஏழாம் திகதி வழமைபோல் வேலைக்கு வந்தார். ஆக, கத்தோலிக்கர்தான் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த நத்தார் அன்று பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை, தெருவில் ஒரு பூனையும் இல்லை. காரில் அந்த வழியால் போனபோது கடைக்குள் விளக்கு எரிந்தது. கள்ளனோ என்று பதறி உள்ளே போனால், மாஸ்டர் ஒரு திரைச்சீலைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்றைக்கு உங்களுக்கு நத்தார் இல்லையா?"

"இரண்டு நாளும் எனக்கு வேலை இருக்கிறது" என்றார்.

எனக்கு இதெல்லாம் தெரியாத சங்கதியும் அல்ல. லண்டனுக்கு வருமுன் நான் சில வருடம் ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்தவன். அதே விடுதியில் இரண்டாம் மாடியில் குரோஷியர்களும் மூன்றாம் மாடியில் சேர்பியர்களும் இருந்தார்கள். எங்கள் காதுக்கு இரண்டு மாடியிலும் ஒரே பேச்சுத்தான். சமையல் மணமும் ஒன்றுதான். ஒரே நாட்டில், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, மாறி மாறிக் கல்யாணம் கட்டி வாழ்ந்த சனம். இரண்டாம் உலகப் போரில் ஒருவரை ஒருவர் கொன்றதை மட்டும் வீட்டுக்குள் மெதுவாகப் பேசி வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளில் மறுபடி துவக்கைத் தூக்கினார்கள். முதலில் ஆற்றங்கரை நகரம் ஒன்று மாதக்கணக்கில் செல்லடி பட்டுச் சல்லடையானது. பிறகு ஒரு கோடையில் மறுபக்கத்துச் சனம் பாயையும் பானையையும் ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு வரிசையாக வெளியேறியதை விடுதி டீவியில் பார்த்தோம். அதே வருடம் ஐப்பசியில் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. என் அம்மாவும் அந்தச் சனத்துக்குள் நடந்தா. ஆகவே எனக்குத் தெரியாததா என்று ஓர் எண்ணம். அந்த எண்ணம்தான் என்னைக் கெடுத்தது.

மாஸ்டர் என்னைக் கண்டித்தது ஒரே ஒரு முறை. ஒருநாள் ஒருவர் வேலைக்குப் போகும் கால்சட்டையோடு வந்தார், நீளம் குறைக்க வேண்டும் என்று. பெயரைச் சொன்னார். சிங்களவர். அதுவரை சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த நான் என்னை அறியாமலே முகத்தை மாற்றிக்கொண்டு, பத்து நாள் ஆகும் என்றேன். அவர் தயங்கிக்கொண்டு நிற்க, மாஸ்டர் எழுந்து வந்து கால்சட்டையை வாங்கி, அங்கேயே குண்டூசி குத்தி, அரை மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் போன பிறகு மெசினை ஓட்டியபடியே சொன்னார்:

"கால்சட்டைக்கு நீளம் மட்டும்தான் உண்டு."

எனக்கு முகம் சுருங்கிப் போனது. அந்தச் சிங்களவர் பிறகு எங்கள் வாடிக்கையாளர் ஆனார். என் மகளின் கல்யாணத்துக்கும் வந்தார்.

அவள் வந்தது ஆறாவது வருடம். குரோய்டனில் ஒரு ஹோட்டலில் அறைகளைப் பார்க்கும் வேலை. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண், தனியாள். ஒரு சாம்பல் நிறக் கோட்டைக் கொண்டுவந்தாள், உள்துணி கிழிந்துவிட்டது என்று. மாஸ்டர் கோட்டை விரித்துப் பார்த்து, தன்னுடைய வழக்கமான ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவள் தங்கள் மொழியில் பதில் சொன்னாள். அவர் கையில் இருந்த சோக்கட்டி நின்றுவிட்டது.

அந்தக் கோட்டுக்கு உள்துணி மாற்ற அவர் மூன்று கிழமை எடுத்தார். ஒருநாள் வேலை அது. பொத்தான்களையும் கழற்றித் திரும்பத் தைத்தார், யாரும் கேட்காமலே. அவர் பொத்தான் தைத்தால் அடியில் நூலை எட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். அவர் தைத்த பொத்தான் ஒன்று விழுந்தது என்று எட்டு வருடத்தில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் ஏதாவது ஒன்றோடு வந்தாள். ஒரு சிப், ஒரு தலையணை உறை, ஒருமுறை ஒரு கைக்குட்டை. கைக்குட்டையில் திருத்த என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகம் எனக்கும் உண்டு. கொஞ்ச நாளில் சாமானே இல்லாமல் வரத் தொடங்கினாள். மெசினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் வந்தது. நீளக் கைபிடி வைத்த சின்னப் பாத்திரம் ஒன்றில் அவர் கோப்பி காய்ச்சுவார். இருவரும் கதைத்துச் சிரிப்பார்கள். ஆறு வருடம் சிரிக்காத மனிதர் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டு, பிளவுஸ் எடுக்க வந்த எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒருநாள் மாஸ்டர் என்னிடம் வந்து, தங்களுக்கு மிச்சம் என்கிற பக்கத்து ஊரில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது, சாமான் ஏற்ற அடுத்த மாதம் என் வானைத் தர முடியுமா என்று கேட்டார். "தங்களுக்கு" என்று சொன்னபோது காது சிவந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதுக் காது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி பிசகியது. எங்கள் வழக்கத்தில் ஒரு சம்பந்தம் என்றால் விசாரிக்க வேண்டும். மாப்பிள்ளை யார், தகப்பன் யார், முதல் தாரம் இருந்ததா, குடும்பத்தில் குறை ஏதும் உண்டா என்று தீர விசாரித்து, பெண் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு லண்டனில் யார் இருக்கிறார்கள்? ஒருவருமில்லை. அப்படியானால் பெண் வீட்டார் நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சமையலை விட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கேனப்பா உந்த விடுப்பு? அவை ரெண்டு பேரும் என்ன சின்னப்பிள்ளையளே?"

"கலியாணம் எண்டால் விசாரிக்கத்தானே வேணும். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"உங்களை ஆரும் கேட்டவையே?"

ஒருவரும் கேட்கவில்லைத்தான். இன்று அந்தக் கேள்வியை நினைத்தால் காதில் அறைகிறது. அன்று, பொம்பிளையளுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு படுத்தேன்.

கிழமைக்கு ஒருமுறை கடைக்கு ஹாங்கர்களும் பிளாஸ்டிக் உறைகளும் கொண்டுவரும் வான் சாரதி ஒருவன் இருந்தான். அவனும் அந்த நாட்டவன்தான். அவள் போகும் தேவாலயத்துக்கே போகிறவன். மாஸ்டர் அவனோடு ஒரு வணக்கத்துக்கு மேல் பேசியதே இல்லை. ஆனால் அவன் வரும்போதெல்லாம் எழுந்து போய்ப் பெட்டிகளை இறக்கிக் கொடுப்பார். நான் அவனிடம் மாஸ்டரின் முழுப் பெயரையும், பழைய கடிதம் ஒன்றில் பார்த்த ஊர்ப் பெயரையும் கொடுத்தேன். நல்ல காரியத்துக்கு என்றும் சொன்னேன்.

பத்து நாளில் அவன் எல்லாம் கொண்டுவந்தான். அந்தக் கெட்டித்தனத்தைப் பார்த்து, இவன் எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டியவன் என்று நினைத்தேன். தகப்பன் ஆற்றில் தோணி ஓட்டியவர், நல்ல மனிதர். சொந்த வீடு இருந்தது, சண்டையில் எரிந்துவிட்டது. முதல் மனைவி நோயில் இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. எந்தப் பக்கம் என்றும் சொன்னான். அவளுடைய பக்கம் அல்ல. ஒரு தம்பி இருந்தான், சண்டைக் காலத்தில் சீருடை போட்டுத் துவக்குத் தூக்கியவன், அவளுடைய ஊர்ப் பக்கம்தான் நின்றவன் என்றும் சொன்னான்.

இங்கே நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் எனக்கு இன்னும் நெஞ்சு நிமிர்ந்தது. பக்கம் வேறு என்றால் என்ன, அந்தச் சண்டை முடிந்து எத்தனை காலம், மனம் விட்டுச் சொல்லித் தீர்த்துவிட்டால் பிறகு ஒளிக்க ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். சம்பந்தத்தில் மறைத்தால்தானே குற்றம்? ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வைக்கச் சொல்வார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லாமல் ஒன்றை உடைத்தவன்.

அந்த வியாழக்கிழமை மாஸ்டர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். அவள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று, ஒரு தரகரின் மிடுக்கோடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தோணிக்காரத் தகப்பன், எரிந்த வீடு, இறந்த மனைவி, பக்கம், தம்பி. சொல்லி முடித்து, "நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், நல்ல குடும்பம்" என்றும் சேர்த்தேன்.

அவள் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தாள், பிறகு மூடினாள்.

"அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள். "என்னையும் அவருக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் ஒரு நிமிடத்தில் அறிந்துவிடுவார்கள்."

நான் சிரித்தேன். "பிறகென்ன? பிரச்சினையே இல்லையே!"

"நாங்கள் இருவரும் அதைச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. அதனால் முடிந்தது." அவள் என்னைப் பார்க்காமல் மெசினையே பார்த்துக்கொண்டு பேசினாள். "என் அண்ணன் ஒருநாள் பால் வாங்கப் போனவன். இன்றுவரை உடம்புகூடக் கிடைக்கவில்லை. அம்மா இன்னும் அவனுக்கு ஒரு கோப்பை வைக்கிறாள். இவருக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. இப்போது நீ சொல்லிவிட்டாய். வான்காரனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவுக்குத் தெரியும். இனி நான் இவரிடம் கேட்க வேண்டும், உன் தம்பி அந்த மாதம் எங்கே நின்றான் என்று. கேட்காமல் இருக்க என்னால் இனி முடியாது."

"கேட்டால் என்ன? அவர் தம்பி ஒன்றும் செய்திருக்கமாட்டான்" என்றேன், மடையன் மாதிரி.

"அவருக்கு அது தெரியுமென்று நினைக்கிறாயா?" என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவள் சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள். நன்றி என்ற சொல்லை இதைவிடக் கனமாக நான் கேட்டதில்லை.

அடுத்த வியாழன் அவள் கடைக்குள் வரவில்லை. வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினாள். மாஸ்டர் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. நடைபாதையில் இருவரும் நின்றார்கள். அவள் ஏதோ ஒன்று கேட்டாள். ஒரு வசனம்தான் இருக்கும். அவர் தூறலில் தன் கைகளைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக ஆட்டினார். தெரியாது என்கிற ஆட்டமா, இல்லை என்கிற ஆட்டமா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு விளங்கவில்லை. அவள் அவருடைய கையில்லாத கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள். பிறகு ஸ்டேஷன் பக்கமாக நடந்தாள்.

மாஸ்டர் உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு மெசினில் உட்கார்ந்தார். பாதியில் விட்ட ஒரு கால்சட்டையின் கரையை முடித்தார். நான் அருகே போனேன். "மாஸ்டர், நான்தான்…" என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார், போதும் என்பதுபோல.

"தெரியும்" என்றார். "துணியைக் கொண்டா."

அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வான் சாரதி வந்தபோது முன்போலவே எழுந்து போய்ப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். அவர் என்னை ஏசியிருக்கலாம், வேலையை விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் ஆட்கள் என்றால் மூன்று தலைமுறைக்குக் கதைபேச்சு இல்லாமல் விட்டிருப்போம். அவர் காலையில் வந்து எனக்கும் சேர்த்துக் கோப்பி காய்ச்சினார். அதைக் குடிப்பதைப்போலத் தண்டனை வேறில்லை.

மிச்சம் வீட்டைப் பற்றியும் பேச்சில்லை. வான் கேட்ட மாதம் வந்து போனது. ஸ்டூலை நான்தான் பின்னறைக்குள் எடுத்து வைத்தேன்.

சித்திரை மாதம் அவர் போகிறேன் என்றார். வடக்கே ஒரு நகரத்தில் பழைய சிநேகிதன் ஒருவன் கடை வைத்திருக்கிறானாம். கடைசி நாள் என் கோட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, உள்ளே இருந்ததை விட்டுத் தைத்துத் தந்தார். "நீ பருத்துவிட்டாய்" என்றார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைப் பொத்தான் டின்னுக்குள் வைத்தார். அதில் ஒரு தொலைபேசி எண்.

"யாராவது கேட்டால் கொடு."

யார் என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடையைக் கைமாற்றியபோது எல்லாவற்றையும் கொடுத்தேன், அந்த டின்னைக் கொடுக்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஒருமுறை அந்த எண்ணைச் சுழற்றினேன். அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. விம்பிள்டன் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும்போது வீட்டு ஆட்களுடைய பெயர்களுக்குப் பிறகு அவருடைய பெயரையும் மனதுக்குள் சொல்கிறேன். அர்ச்சனைக்குக் கொடுப்பதில்லை, ஐயர் நட்சத்திரம் கேட்பார்.

ஆனால் எனக்கு நித்திரையைக் கெடுப்பது நான் பேசியதல்ல. அது வேறொன்று; அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மாஸ்டர் போய் ஆறு மாதம் இருக்கும். குளிர் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை அவள் வந்தாள். சாம்பல் கோட் போட்டிருந்தாள். மெசினுக்குத் துணி மூடியிருந்தது. புது ஆள் இன்னும் கிடைக்கவில்லை, சின்ன வேலைகளை நானே செய்துகொண்டிருந்தேன். அவள் மூடியிருந்த மெசினைப் பார்த்தாள். அவருடைய குளிர்க்கோட் தொங்கிய வெறும் ஆணியைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து உள்ளங்கையை விரித்தாள். ஒரு பொத்தான் இருந்தது.

"விழுந்துவிட்டது. தைத்துத் தர முடியுமா?"

"ஓம்" என்றேன். எனக்குத் தமிழில்தான் வந்தது.

கோட்டைக் கழற்றித் தந்தாள். நூல் எடுக்க டின்னைத் திறந்தேன். அந்தத் துண்டுக் காகிதம் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. எண்கள் என்னைப் பார்த்தன. யாராவது கேட்டால் கொடு என்றுதானே சொன்னார்? இவள் கேட்கட்டும், கொடுக்கிறேன். கேட்காததைச் சொல்லித்தான் ஒரு குடியைக் கெடுத்தேன், இனிச் சொல்லமாட்டேன் என்று மனதுக்குள் வீம்பாக நின்றேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாதாம். காகிதத்தை விரலால் ஒதுக்கி, அடியில் இருந்த சாம்பல் நிற நூலை எடுத்தேன்.

"கடை எப்படிப் போகிறது?" என்று கேட்டாள்.

"பரவாயில்லை."

"குளிர் வந்துவிட்டது."

"ஓம்."

அவள் இன்னும் ஏதோ கேட்கப்போகிறவள்போல் வாயைத் திறந்தாள். கேட்கவில்லை. அவளும் அவரைப்போல. அவர்கள் இருவரும் கேட்கிற ஆட்கள் அல்ல என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பொத்தானைத் திரும்ப வைக்குமுன் பழைய நூலை எடுக்க வேண்டும். கோட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். நூல் நுனிகள் துணிக்கு மேலே நின்றன. துணி கிழியவில்லை. நுனி ஒன்றுகூடப் பஞ்சாய்ப் பிரியவில்லை. எல்லாம் ஒரே மட்டத்தில், நேராக இருந்தன. எட்டுச் சுற்றுச் சுற்றி மாஸ்டர் தைத்த பொத்தானை, அவள் வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பைக் கூடைக்குள் போட்டேன். பொத்தானைத் தைத்து, முடிச்சுப் போட்டு, கோட்டைக் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு கழுத்துவரை பூட்டினாள். கதவடியில் போய், மழை பெய்கிறதா என்று பார்ப்பவள்போலக் கொஞ்ச நேரம் நின்றாள். அன்று மழை இல்லை. நான் டின்னை மூடினேன். அவள் போய்விட்டாள்.